முப்பத்தோராம் அத்தியாயம்

பழைய புத்தகக் கடையில்
இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய நாவல்
மூளாய் வந்து சேர முன்னமே
மூன்றாய்ப் பிளந்துவிட்டது.
பசை காய்ந்த முதுகு, ஆவணி வெயில்,
பேருந்தில் என் மடிமேல் ஏறி இருந்த
யாரோ ஒருவரின் மரக்கறிப் பை.
அட்டையும் இல்லை. எழுதியவர் பெயர்
எலிக்குத்தான் தெரியும்.

பதினாறு நாள் லீவு எனக்கு.
முதல் துண்டைத் தவயோகன் எடுத்துக்கொண்டார்.
நடுத்துண்டு மகளுக்கு.
உலையை இறக்கிவிட்டு நான் வர
மிஞ்சிக் கிடந்தது கடைசித் துண்டு.

இப்படித்தான்
ஒருவரும் பிறந்ததைக் காணாமல்
எல்லோருடைய சாவீட்டுக்கும் போய்வந்தேன்.

வேம்பின் கீழ் ஒரு சாய்மனைக் கதிரை,
ஒரு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு பாய்.
சோளகம் எழும்பினால்
ஆளுக்கொரு செங்கல் தாளின்மேல்.
நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து
மூன்று மணிக்கு எல்லோரும் கோழிக்கூட்டடியில்.

கீர்த்தனன் வாசிப்பதில்லை.
பத்து வயது, பட்டம்,
கழன்றபடியே இருக்கும் சைக்கிள் செயின்.
ஆனாலும் செய்தி கொண்டு திரிபவன் அவன்தான்.
"அப்பா நூற்றிருபதிலை நிக்கிறார்.
அக்கா இன்னும் கலியாணவீட்டிலை."
அவன் தொட்ட பக்கமெல்லாம்
பருவத்தின் கடைசிக் கறுத்தக்கொழும்பான்.

"ஆரடி இந்தப் பொன்னுத்துரை?"
"அவன் சரியான கெட்டவன், அம்மா."
என் துண்டில் அவன் கிழவன்.
நாய்க்குச் சோறு வைத்துவிட்டு
படலையைப் பிடித்தபடி அழுகிறான்.
மகளுக்குப் பதினேழு வயது. நான் சொல்லவில்லை.
இன்னும் கொஞ்சநாள் அவனை வெறுக்கட்டும்.

சவிரிமுத்துவின் கதை வேறு.
தோணிக்காரன். மனைவிக்குத் தெரியாமல்
தொப்பிக்குள் புகையிலை ஒளிப்பவன்.
"இவன்ரை கதையைக் கேளும்," என்று
ஒரு பக்கத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார் தவயோகன்.
மின்சார சபைக் களஞ்சியத்தில்
வருடம் முழுக்க வயர் சுருள் எண்ணுகிற மனிதர்,
தொண்டைக்குழி ஏறி இறங்கச் சிரித்தார்.
இந்தச் சிரிப்பைக் கடைசியாய்க் கேட்டது
இவளைப் பெற முன்னம் என்று நினைக்கிறேன்.

முப்பத்தோராம் அத்தியாயத்தில்
தோணி மட்டும் திரும்பி வருகிறது.
எனக்கு அது செவ்வாய்க்கிழமையே தெரியும்.

புதன் மத்தியானம் விளைமீன் தலையை
அவருடைய கோப்பையில் போட்டேன்.
"என்ன விசேஷம்?"
"சும்மா."

ஞாயிறு, வவுனியாவிலிருந்து யசோ மச்சாளும் வர
கசூரினாவுக்குப் போனோம்.
புளிச்சாதம், ஒரு பெட்டி றோல்ஸ்,
துவாய்க்குள் சுருட்டிய நூறு பக்கம்.
அரை மைல் நடந்தாலும்
இடுப்பைத் தாண்டாத கடல் அது.
அவர் பிள்ளைகளோடு நடந்துகொண்டே போக,
தலைகள் சிறுத்துக்கொண்டே போக,
நான் எழும்பி நின்று கத்தினேன்:
"காணும், திரும்பி வாரும்!"
மச்சாள் சிரித்துச் சிரித்து
றோல்ஸ் புரையேறிப் போனாள்.

பதினாலாம் நாள் இரவு.
நான் குசினியில் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருக்க
வந்து வாசலில் நின்றார்.
கையில் கடைசித் துண்டு, விரல் இடையில்.
"உமக்கு முதலே தெரியும், என்ன?"
"ஓம்."
"எப்பயிருந்து?"
"விளைமீன் தலை."
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு பலகையை இழுத்துப்போட்டு இருந்து
நாளைக்கென்று வைத்திருந்த முருங்கையிலையை
உருவத் தொடங்கினார்,
ஒரு காம்பும் விடாமல்.
நானும் பக்கத்தில் இருந்தேன்.
ஒன்பதரைக்குக் கரண்ட் போனது.
இருவரும் எழும்பவில்லை.

திங்கட்கிழமை வங்கி.
என் சுற்றுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது
முதல் துண்டு, மகளின் தலைமுடிப் பட்டியால் கட்டி.
லாச்சியை நாலு விரல் திறந்து வைத்திருக்கிறேன்.
நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் மஞ்சள் பெருவிரல்,
அதன் கீழே சவிரிமுத்து
தோணியைத் தள்ளி ஏறுகிறான்,
தொப்பியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
யாரோ செருமுகிறார்கள்.
கொஞ்சம் பொறுங்கோ ஐயா.